சகலையின் ஆலமரம்

பெங்களூர்,
2-9-1969

மரியாதைக்குரிய அண்ணன் சுந்தரராஜ் அவர்களுக்கு, தம்பி எட்மண்ட் வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உங்கள் கொழுந்தியாள் லூர்துவும் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கும் இசபெல்லா அக்காவின் முழங்கால் வலி தேவலையா என்பதற்கும் பதில் எழுதவும்.

இரண்டு சேதிகள். ஒன்று, கார் வாங்கிவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் ரிட்டயரான ஃபோர்மேனின் மோரிஸ் மைனர், பச்சை நிறம். இடது கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டும். மற்றபடி ராஜா மாதிரி ஓடுகிறது.

இரண்டாவது, ஆகஸ்டு மாத மலர்க் கண்காட்சியில் குட்டை மர வரிசையில் நம் ஆலமரத்துக்கு முதல் பரிசு! பத்திரிகையில் என் படத்தோடு வந்திருக்கிறது, துண்டை இதோடு வைத்திருக்கிறேன். 'போன்சாய்' என்று போட்டிருக்கிறார்கள், அது ஜப்பான்காரன் வைத்த பெயராம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு விழுது இறங்கித் தொட்டி மண்ணைத் தொட்டிருப்பது தெரியும். எல்லாம் எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் ஒடித்துக் கொடுத்த கிளைப் போத்துதான் அண்ணா.

இந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். ஜனவரி 24 சனி, 25 ஞாயிறு, 26 குடியரசு தினம். மூன்று நாள் நீங்களும் நானும் காரில் சுற்றுவோம். வழியெல்லாம் குட்டை மரத் தோட்டங்கள். ஒயிட்ஃபீல்டில் ஒன்று, பிறகு லால்பாக், கடைசியில் நந்தி மலை அடிவாரத்தில் ஒரு ரிட்டயரான பட்டாளத்து டாக்டரின் பங்களா. நிழல் கண்ட இடத்தில் நிறுத்திக் கரி அடுப்பில் கறி சுட்டுத் தின்போம். டிக்கியில் ஒரு பெட்டி பீர் இருக்கும். பெண்கள் வேண்டாம் என்று லூர்துவே சொல்லிவிட்டாள்.

ஜனவரிக் கண்காட்சிக்கும் மரத்தை வைக்கப்போகிறேன். அதற்குள் தொட்டி மண்ணை மாற்ற வேண்டும். உங்கள் மரத்துக்கு என்ன மண் போடுகிறீர்கள்? ஒரு மூட்டை அனுப்ப முடியுமா?

அக்காவுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
எட்மண்ட்

*

ஊரிகம்,
11-9-1969

அன்புத் தம்பி எட்மண்டுக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். அக்காவின் முழங்கால் ஏறினால் வலிக்கிறது, இறங்கினால் வலிக்கிறது, சினிமாவுக்கு நடக்கும்போது மட்டும் வலிப்பதில்லை. லூர்துவின் சுகத்தை எழுது.

பரிசுக்கு மகிழ்ச்சி. ரொம்ப மகிழ்ச்சி. உன் படத்தை அக்கா பீரோ கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவிட்டாள். இப்போது நான் தலை வாரும்போதெல்லாம் என் மூஞ்சிக்குப் பக்கத்தில் உன் மூஞ்சி சிரிக்கிறது. நம் வரிசை வீடுகளில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் காலை ஷிஃப்டுக்குக் கேஜ் கூண்டில் இறங்க நின்றவர்கள் என் இன்ஜின் ரூமுக்கே வந்துவிட்டார்கள். "இன்னாண்ணே, உங்க சகலை மரத்துக்குப் பிரைஸாமே. உங்க மரம் இன்னா பண்ணிக்கினு கீது?" என்று கேட்டார்கள். பதினெட்டு வருடமாக இவர்களை நான் குலுங்காமல் ஆடாமல் கீழே இறக்கி மேலே ஏற்றுகிறேன். அதைப்பற்றி இதுவரை ஒருவரும் பத்திரிகைக்கு எழுதியதில்லை.

என் மரத்துக்குப் பதினாலு வயது. இன்ஜின் ரூம் சுவர் வெடிப்பில் முளைத்திருந்ததை ஐம்பத்தைந்தில் நான் பிடுங்கி, எனாமல் பேசினில் நட்டேன். இன்றுவரை ஒரு விழுது கூட விடவில்லை. உன்னுடையதற்கு ஏழு வயது, அதற்கு இரண்டு விழுது! அந்தப் போத்தை ஒடித்துக் கொடுத்தது இந்தக் கைதான். நீ என்ன தண்ணீர் ஊற்றுகிறாய்? பெங்களூர்த் தண்ணீருக்கு அப்படி என்ன தனி மகிமை?

பயணத்துக்குச் சரி. ஆனால் கார் ஊரிகத்துக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கள் லைனில் கார் வந்து நிற்பதை நாலு பேர் பார்க்கட்டும். கறி என் பொறுப்பு. ராபர்ட்சன்பேட்டையில் மாட்டு விலா வாங்கி, பப்பாளிக்காயும் மிளகும் வினிகரும் தடவி ராத்திரி முழுக்க ஊற வைத்துக் கொண்டுவருகிறேன். இந்த ஒரு விஷயத்திலாவது என்னை விட்டால் ஆளில்லை. பீரைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வேலையை விட்டுப் போன துரை ஒருத்தர் அரை பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார், அதோடு சரி.

மண் கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை. நானே பார்த்து அனுப்புகிறேன்.

உன் அண்ணன்,
சுந்தரராஜ்

*

ஊரிகம்,
6-10-1969

தம்பி எட்மண்டுக்கு,

பெங்களூருக்கு வருகிற மரியகுழந்தையிடம் ஒரு மூட்டை கொடுத்துவிட்டிருக்கிறேன். சாம்பல் வெளுப்பாக, மாவு போல நைஸாக இருக்கும். அதுதான் அதன் குணம். பழைய மண்ணை வேரிலிருந்து முழுக்க உதறிவிட்டு இதை மட்டும் போடு. எரு, செம்மண், எதுவும் கலக்காதே. நன்றாகத் தண்ணீர் ஊற்றி அழுத்திவிடு.

லூர்துவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டியதில்லை. செடி விஷயத்தில் பெண்கள் குறுக்கே பேசுவார்கள்.

சுந்தரராஜ்

*

பெங்களூர்,
13-10-1969

மரியாதைக்குரிய அண்ணனுக்கு, எட்மண்ட் வணக்கம். சுகம், சுகமறிய ஆவல். உங்கள் துண்டுக் கடிதத்தில் சுகம் கூட விசாரிக்கவில்லையே, ஷிஃப்டு அவசரமா?

மூட்டை வந்த அன்றைக்கே மண் மாற்றிவிட்டேன். லூர்து நைட் டியூட்டிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், அதனால் குறுக்கே பேச ஆளில்லை. வேரை உதறி, நீங்கள் சொன்னபடியே வேறெதுவும் கலக்காமல் போட்டேன். எவ்வளவு நைஸான மண்! பாண்ட்ஸ் பவுடர் மாதிரி. இத்தனை வருடம் இந்த ரகசியத்தை ஒளித்து வைத்திருந்தீர்களே.

பயண ஏற்பாடு மும்முரம். பட்டறையில் ஒரு தார் டிரம்மை நெடுக்காகப் பாதியாய் வெட்டி, சுத்தமாய் எரித்துக் கழுவி, மேலே கம்பி வலை பொருத்தியாயிற்று. ஒரே நேரத்தில் பத்து விலா சுடலாம். ஒயிட்ஃபீல்டில் நர்சரி வைத்திருக்கும் ஏனோக் தன் தோட்டத்திலேயே அடுப்பு மூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர். முன்னூறு குட்டை மரம் வைத்திருக்கிறார், ஒவ்வொன்றின் வயதும் நாக்கு நுனியில். முதல் நாள் அங்கேதான்.

உங்கள் மரத்தையும் காரில் எடுத்து வாருங்கள் அண்ணா. தாயையும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எது தாய், எது பிள்ளை என்று கேட்டால் ஜனங்கள் குழம்பிப்போவார்கள்!

எட்மண்ட்

*

ஊரிகம்,
19-10-1969

பிரியமுள்ள தங்கை லூர்துவுக்கு அக்கா இசபெல்லா எழுதுவது. சுகம். நைட் டியூட்டி முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே.

உன் மாமாவுக்கு வயிற்றெரிச்சல் லூர்து. சொன்னால் சிரிப்பாய். கண்ணாடியில் நான் ஒட்டின படத்தை வெட்டி எடுத்துவிட்டு, கரப்பான் தின்றுவிட்டது என்கிறார். கரப்பான் வெட்டினால் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரியா இருக்கும்? காலையில் பேசினைத் தூக்கி வெயிலில் வைக்கிறார், சாயங்காலம் தூக்கி நிழலில் வைக்கிறார். "இன்னாடி, விழுது மாதிரி எதுனா தெரியுதா பாரு" என்கிறார். தெரியவில்லை என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இதெல்லாம் சிரிக்க எழுதினேன். ஒன்று மட்டும் சிரிக்க இல்லை. இந்த மாத முதல் ஞாயிறு பூசைக்கு வராமல் சாக்கை எடுத்துக்கொண்டு சயனைடு டம்புக்குப் போனார். மில்லில் பாறையை மாவாக அரைத்து, சயனைடில் கழுவித் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மலை மலையாய்க் கொட்டியிருக்கிறார்களே, நாம் சின்ன வயதில் சறுக்கி விளையாடி அம்மாவிடம் அடி வாங்கினோமே, அந்த மேடுதான். சாக்கு நிறையக் கொண்டுவந்தார். பாத்திரம் தேய்க்கவா என்று கேட்டேன், சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார். மறுநாள் சாக்கைக் காணோம். நேற்றுத்தான் மரியகுழந்தை வந்து, மூட்டையைப் பத்திரமாக உங்கள் வீட்டில் சேர்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மேட்டில் புல்லாவது முளைத்து நீ பார்த்திருக்கிறாயா? எட்மண்ட் திருச்சிக்காரர், அவருக்கு எப்படித் தெரியும். உன் வீட்டில் அந்த மூட்டை பிரிக்காமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

நான் எழுதியதாக இவருக்குத் தெரிய வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும்.

அக்கா

*

ஊரிகம்,
23-11-1969

அன்புத் தம்பி எட்மண்டுக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம். உன் சுகம், லூர்து சுகம், காரின் சுகம் எல்லாம் அறிய ஆவல்.

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு கார்டு கூட இல்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறார், நான் வாசலிலேயே நிற்கிறேன். காய்ச்சலா? கார் எங்காவது இடித்துவிட்டதா? மரம் எப்படி இருக்கிறது?

எனக்கு லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. விலாவுக்குச் சொல்லிவைத்துவிட்டேன். ஹொசகோட்டே ஏரிக்கரையில் நிறுத்தலாமா, நேராக ஒயிட்ஃபீல்டா? பீரை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் குளிர்ச்சி நிற்கும் என்கிறார்கள். இலையெல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது?

சென்ற வாரம் ஒரு காரியம் நடந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேஜைத் தரை மட்டத்துக்கு இரண்டடி கீழே நிறுத்திவிட்டேன். யாருக்கும் அடி இல்லை. உள்ளே நின்றவர்கள், "இன்னாண்ணே, தூக்கமா?" என்று சிரித்தார்கள். தூக்கம் இல்லை. கை லீவரில் இருந்தது, புத்தி வேறெங்கோ இருந்தது.

தப்பாமல் பதில் போடு. மண் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றிவிடு. ஒருவேளை பெங்களூர்க் குளிருக்கு அது சேராமல் இருக்கலாம்.

சுந்தரராஜ்

*

பெங்களூர்,
4-12-1969

அண்ணன் அவர்களுக்கு,

சுகம். கார் இடிக்கவில்லை.

பயணம் நிச்சயம். ஜனவரி 24 காலை எட்டு மணிக்கு ஊரிகத்தில் இருப்பேன். பங்காருப்பேட்டை, கோலார், ஹொசகோட்டே வழியாக நேரே ஒயிட்ஃபீல்டு. வழியில் நிறுத்த வேண்டாம். முதலில் ஏனோக்கைப் பார்த்தாக வேண்டும்.

மரத்தைப்பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேரில் பேசிக்கொள்ளலாம்.

எட்மண்ட்

மாமா, சுகமா? அக்காவைத் திட்டாதீங்க. — லூர்து

*

ஊரிகம்,
21-12-1969

தம்பி எட்மண்டுக்கு,

அக்காவைத் திட்டாதீங்க என்று லூர்து எழுதியிருந்ததை நாலு தரம் படித்தேன். நான் எதற்கு அவளைத் திட்ட வேண்டும்? பிறகு புரிந்தது. அடுப்படிக்குப் போய் அவள் முன்னால் நின்றேன். அவள் அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்காமலே, "ஆமாம், நான்தான் எழுதினேன், இன்னா இப்ப?" என்றாள். ஆக, உங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி எழுதிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

நான் அனுப்பியது டம்ப் மண். அதில் ஒன்றும் முளைக்காது என்று இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தண்ணீர் பட்டால் அது சிமெண்டாக இறுகும், வேருக்கு மூச்சு போகாது. அதனால்தான் நன்றாகத் தண்ணீர் ஊற்றி அழுத்து என்று எழுதினேன். லூர்து இங்கே பிறந்தவள், பார்த்தவுடன் சொல்லிவிடுவாள் என்றுதான் அவளிடம் காட்டாதே என்றேன். யோசித்து, நிதானமாக, ஒவ்வொன்றாகச் செய்தேன். சாக்கில் அள்ளும்போது கோயில் மணி அடித்தது. கேட்டுக்கொண்டே அள்ளினேன்.

ஏன் என்று கேட்பாய். பொறாமைதான், வேறென்ன. கார் இல்லை, பரிசு கூட இல்லை, அந்த இரண்டு விழுது. நம் மாமனார் வீட்டில் நீ வந்த நாளிலிருந்து உனக்குப் பெரிய தொழிற்சாலை, கால்சட்டை, இங்கிலீஷ். இருக்கட்டும் என்று விட்டேன். செடி வளர்க்கிறவன் என்கிற பெயர் மட்டும் எனக்கு இருந்தது. என்னுடைய போத்திலிருந்தே வளர்த்து அதையும் நீ எடுத்துக்கொண்டாய் என்று என் வயிறு எரிந்தது. பரிசு மேடையில் உன் மரம் பட்டுப்போய் நிற்க வேண்டும், அதை நான் உன் காரிலிருந்தே இறங்கி வந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன் கூட. அதற்குப்பிறகு தூக்கமே இல்லை.

உன் மரம் செத்திருந்தால் அதைச் சொல். ஜனவரியில் நீ வர வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து எழுத எனக்கு யோக்கியதை இல்லை, அக்கா எழுதுவாள்.

சுந்தரராஜ்

*

பெங்களூர்,
2-1-1970

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு, எட்மண்ட் வணக்கம். புது வருட வாழ்த்து. நாங்கள் உடம்பால் சுகம்.

மரம் செத்துவிட்டது. அக்காவின் கடிதம் வந்த அன்றே லூர்து பிடுங்கி, வேரை ஒவ்வொன்றாகக் கழுவி, நல்ல மண்ணில் வைத்தாள். நவம்பர் நடுவில் கடைசி இலையும் விழுந்தது. பட்டையைக் கீறினால் உள்ளே பழுப்பு.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே ரயிலேறி வந்து உங்கள் சட்டையைப் பிடித்திருப்பேன். பிடிக்க முடியாமல் ஒன்று தடுத்தது. அது என்ன என்று எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

அது என் மரம் இல்லை அண்ணா. நீங்கள் கொடுத்த போத்து இரண்டாம் வருட மழையிலேயே அழுகிப்போயிற்று. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மாமனார் வீட்டில் எல்லோர் முன்னாலும், "என் போத்து எப்படி இருக்கிறது?" என்று கேட்பீர்கள். சுகம் என்பேன். மாமனார் உடனே, "பெரிய மாப்பிள்ளை கை வெச்சா கல்லு கூட துளிர்க்குங்க" என்பார். என் கையைப்பற்றி அந்த வீட்டில் யாரும் எதுவும் சொன்னதில்லை. செத்துப்போயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பரிசு வாங்கியது ஏனோக்கின் மரம். அவர் மகள் பிறந்த வருடம் நட்டது, இருபத்திரண்டு வயது. விழுது விடாமல் என்ன செய்யும்? நர்சரிக்காரர்கள் போட்டியில் சேரக்கூடாது என்று அந்தக் கண்காட்சியில் விதி. "உம்ம பேர்ல வெய்யுங்க, ஜனங்க பாத்தா போதும்" என்று அவரே கொடுத்தார், ஜனவரிக் கண்காட்சி முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். என் பெயரில் படம் வந்ததும் புத்தி மாறிவிட்டது. உங்களுக்கு அனுப்பத்தான் இரண்டு பிரதி வாங்கினேன். நீங்கள் பார்க்க வேண்டும், வயிறு எரிய வேண்டும் என்றுதான். அடுத்தவர் மரத்துக்கு மண் மாற்ற எனக்கென்ன உரிமை? அதையும் உங்களிடம் கேட்டால் என் மரம் என்று நம்புவீர்கள் என்பதற்காகவே கேட்டேன்.

ஏனோக்குக்கு இன்னும் தெரியாது. பார்க்கும்போதெல்லாம், "மரம் சுகமா?" என்று கேட்கிறார். சுகம் என்கிறேன். உங்களிடம் இத்தனை வருடம் சொன்ன அதே பதில்.

வரவா, வேண்டாமா, நீங்களே எழுதுங்கள்.

எட்மண்ட்

*

ஊரிகம்,
9-1-1970

அன்புத் தம்பி எட்மண்டுக்கு ஆசீர்வாதம். சுகம். லூர்துவுக்கு என் அன்பு.

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். அக்கா பயந்துவிட்டாள். நாலு மாதம் என்னைத் தின்ற விழுது உன் விழுதே இல்லையாம்! உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட மிச்சம் இருப்பது, கதவு சாத்தாத ஒரு கார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. முகம் கூடப் பார்க்காத ஒரு மனிதரின் இருபத்திரண்டு வருடத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து சாகடித்திருக்கிறோம். நீ சுமந்துகொண்டு போய்க் கொடுத்தாய், நான் மண் போட்டேன்.

நீ வர வேண்டும். எட்டு மணிக்கே வா. விலா ஊற வைத்திருப்பேன், பீர் உன் பொறுப்பு. போட்ட திட்டத்தில் எதையும் மாற்றாதே. ஏனோக்கிடம் நான் பேசுகிறேன், நீ வண்டியை ஓட்டு.

டிக்கியில் இடம் பார்த்து வை. இல்லை, டிக்கி வேண்டாம், குலுங்கும். பின் சீட்டில் வை. என் மரத்தை ஏனோக்குக்குக் கொடுக்கப்போகிறேன்.

இதை எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்து போய்ப் பேசினைப் பார்த்துவிட்டு வந்தேன். அக்கா, "வேற எதுனா குடுங்களேன்" என்கிறாள். என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

சுந்தரராஜ்

*

ஊரிகம்,
15-2-1970

அன்புத் தம்பி எட்மண்டுக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம். அக்காவின் முழங்காலுக்குப் புதுத் தைலம் வாங்கியிருக்கிறோம், வீடெல்லாம் அதன் வாசம். உங்கள் இருவர் சுகத்தையும் எழுது.

ஊருக்கு வந்து மூன்று வாரமாகியும் நான் எழுதவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், "டூர் எப்படிண்ணே?" என்று கேட்கிறார்கள். நல்ல டூர் என்கிறேன். லால்பாக் பார்த்தோம், நந்தி மலை பார்த்தோம், டாக்டர் பங்களாவில் கமலா ஆரஞ்சு மரம் ஒரு சாண் உயரத்தில் காய்த்திருந்தது. எல்லாம் கண்ணால் பார்த்தேன், ஒன்றும் மனசில் நிற்கவில்லை. ஏனோக்கின் தோட்டத்தில் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம் மட்டும் நிற்கிறது.

நான் சொல்லி முடிக்கும்வரை அவர் உன்னைப் பார்க்கவே இல்லை. செத்த மரத்தைக் கையில் வாங்கி, விழுதுகளைத் தடவிப் பார்த்து, சுவர் ஓரமாக வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. என் பேசினுக்குப் பக்கத்தில் குந்தி, மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, "இன்னாங்க, வேரு சுத்திக்கினு மூச்சு வுட முடியாம கீது. பதினாலு வருசமா மண்ணே மாத்தலியா? அப்பறம் எப்பிடிங்க விழுது வுடும்?" என்றார்.

ஊருக்கெல்லாம் மண் ரகசியம் தெரிந்தவன், உனக்கு மூட்டை கட்டி அனுப்பினவன், என் மரத்துக்கு ஒரு தடவை கூட மண் மாற்றியதில்லை. அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. நீ அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நீ சிரித்தாயோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

மரத்தை வாங்கிக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அடுப்பைத் தானே மூட்டி, விலாவைத் திருப்பித் திருப்பிப் பதமாகச் சுட்டு நம் இலையில் வைத்தார். சாப்பிட உட்காரச் சொன்னதற்கு, "எனக்கு வேணாங்க" என்று உள்ளே போய்விட்டார். அவ்வளவு நன்றாகச் சுட்ட கறியை நான் என் வாழ்நாளில் தின்றதில்லை, ஆனாலும் இரண்டு வாயோடு இலையை மடித்துவிட்டேன். இத்தனை மாதம் நான் ஆசைப்பட்ட பீர் கசப்பாக இருந்தது. அது எப்போதும் அப்படித்தான் என்று நீ சொன்னாய்.

ஞாயிறுதோறும் நீ ஒயிட்ஃபீல்டுக்குப் போய் அவர் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று லூர்து எழுதியிருக்கிறாள். அவர் கேட்டாரா, நீயாகப் போகிறாயா? எப்படியோ, அது சரியான காரியம். படித்துவிட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? வாரா வாரம் என் மரத்தைப் பார்க்கிறவன் நீ. தண்ணீர் ஊற்றுகிறவனும் நீ. நான் இங்கே வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் புத்தி வராது எட்மண்ட்.

மண்ணை அவர் மாற்றிவிட்டாரா? என்ன மண் போட்டார் என்று கேட்காதே, பார்த்து மட்டும் எழுது. மரம் பிழைத்துக்கொண்டால் எழுது. நன்றாக இருந்தாலும் எழுது. என்னிடம் இருந்ததைவிட நன்றாக இருந்தால், எனக்கு எழுதாதே. அக்காவுக்கு எழுது, அவள் சொல்லும்போது சொல்லட்டும்.

உன் அண்ணன்,
சுந்தரராஜ்